மேசைக் கணினிக்குப் பதிலாக விஆர் ஹெட்செட்: நாள் முழுவதும் எழுத்து வேலைக்கு ஈடுகொடுக்குமா?

கேள்வி: நிரல்வழி

அனைவருக்கும் வணக்கம். நிரல் எழுதுவதும் நீண்ட தொழில்நுட்ப ஆவணங்களைப் படித்துத் திருத்துவதும்தான் என் வேலை. தற்போது ஒரு மேசைக் கணினியும், 24 அங்குல முழு எச்டி திரைகள் இரண்டும் வைத்திருக்கிறேன். அடுத்து நான் குடிபோகும் அறையில் இவ்வளவு பெரிய மேசையைப் போட இடம் இருக்காது. ஆகவே திரைகளையும் கணினியையும் கொடுத்துவிட்டு, ஒரு விஆர் ஹெட்செட்டையும் (கண்களை மூடித் தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் காட்சிக் கருவி) விசைப்பலகையையும் மட்டும் வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விளம்பரப் படங்களில் ஒருவர் சாய்ந்து அமர்ந்திருக்க, அவரைச் சுற்றி ஐந்தாறு திரைகள் அந்தரத்தில் நிற்கின்றன. அவற்றில் உள்ள எழுத்துகள் எல்லாம் அச்சடித்தாற்போலத் தெளிவாக இருக்கின்றன. உண்மையில் அணிந்து பார்க்கும்போதும் அப்படித்தான் தெரியுமா என்பது என் முதல் ஐயம். சிறிய எழுத்தில் உள்ள நிரலை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் படிக்கக் கண்ணும் கழுத்தும் ஒத்துழைக்குமா என்பது அடுத்தது. நான் கண்ணாடி அணிபவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுகளில் எனக்கு ஆர்வம் இல்லை; எனவே அந்தப் பயன்களைத் தள்ளிவிட்டு, வேலைக்கு மட்டும் இது தகுமா என்பதைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஒளிமுகம்

நண்பரே, ஹெட்செட்டின் மொத்தப் பிக்சல் எண்ணிக்கையைக் கொண்டு இதை முடிவு செய்ய இயலாது. பார்வைக் கோணத்தின் ஒவ்வொரு பாகைக்கும் எத்தனை பிக்சல்கள் கிடைக்கின்றன என்பதுதான் எழுத்தின் தெளிவைத் தீர்மானிக்கிறது. மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட் ஒரு கண்ணுக்கு 2064×2208 பிக்சல்கள் தருகிறது என்று படிக்கும்போது, அது உங்கள் முழு எச்டி திரையைவிட மேலானதாகத் தோன்றும். ஆனால் உங்கள் திரையை 60 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்த்தால் அதன் 1920 பிக்சல்களும் ஏறத்தாழ 48 பாகை அகலத்துக்குள் அடங்கிவிடுகின்றன; ஹெட்செட்டின் பிக்சல்களோ ஏறக்குறைய 110 பாகை விரிந்த காட்சி முழுவதையும் நிரப்பியாக வேண்டும். கணக்குப் போட்டால் உங்கள் தற்போதைய திரை பாகைக்கு 40 பிக்சல்கள் தருகிறது. குவெஸ்ட் 3 லென்ஸின் நடுப்பகுதியில் சுமார் 25 தருகிறது. அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள ஆப்பிள் விஷன் புரோவில்கூட இது 34-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஒப்பீட்டுக்கு, 27 அங்குல 4கே (முழு எச்டியின் நான்கு மடங்கு பிக்சல்கள் கொண்ட) திரையொன்று அதே தொலைவில் 70-ஐத் தாண்டிவிடும். குறையற்ற பார்வையுள்ள கண் பாகைக்கு 60 பிக்சல்கள் வரை பிரித்தறியும் என்பது வழக்கமாகக் கொள்ளப்படும் அளவு.

இதிலிருந்து விளம்பரப் படங்களைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கும் விடை கிடைத்துவிடுகிறது. குவெஸ்ட் 3-க்குள் உங்கள் மேசைத் திரையின் அளவுக்கே, அதாவது ஏறத்தாழ 50 பாகை அகலத்துக்கு, ஒரு மெய்நிகர் திரையை வைத்தால் அதில் உண்மையில் தெரியக்கூடிய நுணுக்கம் ஏறக்குறைய 1250 பிக்சல்களுக்கு உரியது மட்டுமே. கணினி அந்தத் திரைக்கு 4கே படத்தை அனுப்பினாலும் கண்ணை அடைவது அவ்வளவுதான். முழு எச்டியின் 1920 பிக்சல்களும் வீணாகாமல் தெரிய வேண்டுமானால் அந்தத் திரையை 77 பாகைக்குப் பெரிதாக்க வேண்டும். அப்போது ஒரு வரியின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை படிக்கவே தலையைத் திருப்ப வேண்டியிருக்கும். எத்தனை திரைகளைச் சுற்றிலும் அடுக்கினாலும், ஒரு நொடியில் உங்கள் கண்முன் இருக்கும் பிக்சல்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. திரைகள் பெருகுகின்றன, தெளிவு பெருகுவதில்லை. இதை விற்பனையாளர்கள் சொல்வது அரிது.

மேலும், நேரடித் திரையில் கணினி வரையும் ஒரு பிக்சல் அப்படியே ஒரு பிக்சலாக ஒளிர்கிறது. ஹெட்செட்டில் அவ்வாறு நிகழ்வதில்லை. உங்கள் தலை எந்த அளவுக்குச் சாய்ந்திருக்கிறதோ அதற்கேற்ப மெய்நிகர் திரையின் படம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்பட்டு, லென்ஸின் வளைவை ஈடுகட்ட மீண்டும் வளைக்கப்பட்டு, அதன் பிறகே காட்டப்படுகிறது. இந்த இடைமாற்றங்களில் எழுத்தின் விளிம்பு மழுங்குகிறது; தலை லேசாக அசையும்போது மெல்லிய கோடுகள் மினுமினுப்பதையும் காணலாம். ஆங்கில நிரலில் இது அவ்வளவாக உறுத்தாது. தமிழ் ஆவணங்களைத் திருத்துபவராக இருந்தால் மெய்யெழுத்தின் புள்ளி மங்குவதும், ‘ண’கரத்தையும் ‘ன’கரத்தையும் பிரிக்கச் சுழிகளை உற்றுப் பார்க்க நேர்வதும் விரைவிலேயே தொல்லையாகிவிடும். எழுத்தின் அளவைக் கூட்டினால் படிக்க முடியும், ஐயமில்லை; ஆனால் இப்போது ஒரே பார்வையில் ஐம்பது வரி நிரலைப் பார்ப்பவருக்கு முப்பது வரிதான் தெரியும் என்றால், திரையின் பரப்பைக் கூட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு பரப்பைக் குறைத்துவிடுகிறது.

பதில் 2: தொலைப்பணி

மேலே உள்ள கணக்கை ஏற்கிறேன். நான் எழுத விரும்புவது அதை அணிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் உடலைப் பற்றியது.

குவெஸ்ட் 3-இன் எடை 515 கிராம். 2024-இல் வந்த விஷன் புரோவின் எடை 600 முதல் 650 கிராம் வரை, அதுவும் 353 கிராம் எடையுள்ள பேட்டரியைத் தனியே சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகு. அரை கிலோ என்பது கையில் எடுக்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த எடை முழுவதும் முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், கழுத்தின் பின்புறத் தசைகள் அதை இடைவிடாமல் பின்னோக்கி இழுத்துப் பிடித்திருக்க வேண்டியிருக்கிறது. ஆப்பிள் 2025-இல் வெளியிட்ட புதிய பட்டையில் டங்ஸ்டனால் ஆன எதிர் எடையைப் பொருத்தியது இதற்காகத்தான். மொத்த எடை கூடினாலும் சமநிலை கிடைப்பது மேல் என்று அவர்களே முடிவு செய்திருக்கிறார்கள் என்று பொருள். குவெஸ்ட் வகைகளுக்கும் பின்புறம் பேட்டரி உள்ள பட்டைகள் கிடைக்கின்றன. நீண்ட நேர வேலைக்கு அப்படிப்பட்ட பட்டை இல்லாமல் இறங்கவே வேண்டாம். பெட்டியோடு வரும் துணிப்பட்டை கன்னத்து எலும்பின் மீது எல்லாச் சுமையையும் ஏற்றிவிடுகிறது.

நாள் முழுவதும் வேலை பார்த்தால் என்ன ஆகும் என்பதை ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். ஜெர்மனியின் கோபர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பிற நிறுவனங்களோடு இணைந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், 16 பேர் ஒரு வாரம் முழுவதும் தங்கள் வழக்கமான பணியை ஹெட்செட்டுக்குள்ளும், மற்றொரு வாரம் சாதாரணத் திரையிலும் செய்தார்கள். ஹெட்செட் வாரத்தில் உணரப்பட்ட பணிச்சுமை சுமார் 35 சதவீதமும், எரிச்சல் 42 சதவீதமும், கண் களைப்பு 48 சதவீதமும் கூடுதலாகப் பதிவாயின. குமட்டல், தலைவலி போன்றவற்றைத் தாங்க முடியாமல், இந்த 16 பேரைத் தவிர மேலும் இருவர் முதல் நாளிலேயே விலகினார்கள். அங்கே பயன்படுத்தப்பட்டது குவெஸ்ட் 2 என்பதையும், இப்போதைய லென்ஸ்கள் அதைவிடத் தெளிவானவை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வாரம் முடிவதற்குள் பங்கேற்றவர்கள் ஓரளவு பழகிக்கொண்டதும் அதே ஆய்வில் தெரிகிறது. இருந்தாலும் எடை, வெப்பம், முகத்தில் அழுத்தம் ஆகியவை அன்றிலிருந்து இன்று வரை பெரிதாக மாறிவிடவில்லை.

கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திரை கண்ணிலிருந்து சில சென்டிமீட்டரில் இருந்தாலும், லென்ஸ்கள் அதன் உருவத்தை ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கண்ணுக்குக் காட்டுகின்றன. இந்தக் குவியத் தொலைவு மாறாதது. நீங்கள் மெய்நிகர் திரையை அரை மீட்டருக்கு இழுத்து வைத்தால், இரு கண்களும் அரை மீட்டரை நோக்கி உள்பக்கம் திரும்ப, கண்ணின் வில்லையோ அதைவிடத் தொலைவில் குவிந்தாக வேண்டும். இந்த முரண்பாடுதான் பலருக்கும் களைப்பைத் தருகிறது. எனவே திரையை ஒன்றரை மீட்டர் அளவுக்குத் தள்ளி வைத்து, அதற்கேற்பப் பெரிதாக்கிக்கொள்வது நல்லது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதன் மேல் ஹெட்செட்டை மாட்டுவதைவிட, உங்கள் பவருக்கு ஏற்ப லென்ஸ் செருகிகளைச் செய்து பொருத்திக்கொள்ளலாம். கண்ணாடி ஹெட்செட்டின் லென்ஸைக் கீறிவிடும் என்ற அச்சமும் நீங்கும்.

பதில் 3: சாய்நாற்காலி

இரண்டு பதில்களும் பயனுள்ளவை. ஆனால் இவற்றைப் படிப்பவர் ஹெட்செட்டில் எழுத்து வேலையே நடக்காது என்று எண்ணிவிடக்கூடும் என்பதால் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். பெரும்பாலும் எழுத்து வேலைக்காகவே நான் இதைப் பயன்படுத்துகிறேன், விட்டுவிடும் எண்ணமும் இல்லை.

பிக்சல் கணக்கில் சேராத ஒன்று கவனம். அறையில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது, பின்னணியை முழுவதும் இருட்டாக்கி ஒரே ஒரு திரையை மட்டும் எதிரே வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் முடிகிற வரைவு மேசையில் அமர்ந்தால் எனக்கு முடிவதில்லை. இது என் இயல்பாக இருக்கலாம், எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அடுத்தது உடல் நிலை. மேசைத் திரைக்கு முன்னால் நாம் திரைக்கு ஏற்ப உட்காருகிறோம். ஹெட்செட்டில் நாம் எப்படி இருக்கிறோமோ அதற்கேற்பத் திரையை வைத்துக்கொள்ளலாம். தலைக்கு முட்டுக் கொடுக்கும் சாய்நாற்காலியில் பின்னால் சாய்ந்து, திரையைச் சற்றே மேலே உயர்த்தி வைத்தால், ஹெட்செட்டின் எடையில் ஒரு பங்கை நாற்காலி ஏற்றுக்கொள்கிறது. முதுகுவலி உள்ளவர்களுக்கு இது அற்பமான நன்மை அன்று.

விசைப்பலகை பற்றி யாரும் எழுதவில்லை. வெளியுலகைக் கேமரா வழியே காட்டும் பாஸ்த்ரூ வசதி இப்போது போதிய அளவு தெளிவாகிவிட்டதால், மடியில் உள்ள விசைப்பலகையைப் பார்க்க ஹெட்செட்டைக் கழற்ற வேண்டியதில்லை. எனினும் விசைகளின் மீதுள்ள எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டுபவர் சிரமப்படுவார். பாராமல் தட்டத் தெரிந்திருப்பது ஏறக்குறைய கட்டாயம். காற்றில் விரலால் தட்டும் மெய்நிகர் விசைப்பலகை கடவுச்சொல் உள்ளிட மட்டும்தான் உதவும். சுட்டியும் அப்படியே: கையை உயர்த்திக் காற்றில் கிள்ளுவது பத்து நிமிடத்துக்கு வேடிக்கையாக இருக்கும், அதற்குப் பிறகு தோள் வலிக்கும். சாதாரண புளூடூத் சுட்டியே போதும்.

என்னால் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் முடிவதில்லை என்பதையும் மறைக்கவில்லை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று பிரித்துக்கொள்கிறேன். இடைப்பட்ட நேரத்துக்கு மடிக்கணினியின் திரை இருக்கிறது.

பதில் 4: இயங்குதளன்

கேள்வியில் “திரைகளையும் கணினியையும் கொடுத்துவிட்டு” என்று எழுதியிருக்கிறீர்கள். திரைகளைக் கொடுப்பது பற்றித்தான் இதுவரை எல்லோரும் பேசியிருக்கிறார்கள். கணினியைக் கொடுப்பது முற்றிலும் வேறு விஷயம்.

குவெஸ்டின் இயங்குதளம் ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டது; 2025 அக்டோபரில் வந்த சாம்சங் கேலக்ஸி எக்ஸ்ஆர் ஹெட்செட், ஆண்ட்ராய்டின் ஹெட்செட் வடிவமான ஆண்ட்ராய்டு எக்ஸ்ஆரில் இயங்குகிறது. விஷன் புரோவில் ஐபேட் செயலிகள் ஓடும்; மேக் செயலிகள் ஓடா, அதற்குள் ஆப்பிள் மடிக்கணினிகளுக்கு உரிய எம் வரிசைச் சில்லு இருந்தும்கூட. உலாவியிலேயே முடிந்துவிடும் வேலை என்றால் இவை தனித்து நின்று சமாளிக்கும். நீங்கள் எழுதும் நிரலைத் தொகுத்து, ஓட்டி, பிழை நீக்க வேண்டுமானால், அந்தப் பணியைச் செய்ய வேறொரு கணினி எங்கேனும் இருந்தாக வேண்டும்: ஒன்று அருகில் மடிக்கணினியாக, அல்லது தொலைவில் நீங்கள் இணையம் வழியே அணுகும் சர்வராக. ஆகவே பெரும்பாலோர் ஹெட்செட்டை வாங்கிய பிறகும் கணினியை விடுவதில்லை. அவர்களுக்கு ஹெட்செட் கணினியின் திரையாக மட்டுமே மாறுகிறது. மேக் வைத்திருப்பவர்களுக்கு விஷன் புரோ முதலில் ஒரே ஒரு மெய்நிகர் திரையைத்தான் தந்தது. 2024 டிசம்பரில் வந்த மேம்படுத்தலுக்குப் பிறகு, இரண்டு 4கே திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததற்கு இணையான அகலத் திரையும் கிடைக்கிறது. விண்டோஸ் 11-ஐக் குவெஸ்ட் 3-உடன் இணைக்க மைக்ரோசாஃப்ட்டும் ஒரு செயலியைத் தந்திருக்கிறது. விதிவிலக்காக வால்வ் நிறுவனம் 2025 நவம்பரில் அறிவித்த ஸ்டீம் ஃப்ரேம், லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம்ஓஎஸ் கொண்டது. அதில் கணினியில் உள்ளதுபோன்ற மேசைச் சூழலையே நேரடியாகத் திறக்க முடியும் என்பது உங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. ஆனால் அதன் திரை கண்ணுக்கு 2160×2160 என்பதால், ஒளிமுகம் போட்ட கணக்கிலிருந்து அதுவும் தப்பாது.

முடிவெடுப்பதற்கு முன் ஆயுளையும் எண்ணிப் பாருங்கள். திரை என்பது ஒரு கேபிளைச் செருகினால் எரியும் பொருள்; பத்தாண்டுக்கு முன் வாங்கியதும் இன்று வேலை செய்யும். ஹெட்செட் அப்படியன்று, கணக்கு, செயலி, இயங்குதள ஆதரவு என்று பல கைகள் அதைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட், ஹெட்செட்டுகளுக்கான தன் தளமான விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டியைக் கைவிடுவதாக 2023 டிசம்பரில் அறிவித்து, விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து அதை நீக்கியபோது, அதை நம்பிப் பல நிறுவனங்கள் செய்து விற்ற ஹெட்செட்டுகள், பழுது ஏதும் இல்லாமலே, அந்தப் பதிப்பில் பயனற்றுப் போயின. சம்பளம் தரும் வேலையை அப்படிப்பட்ட ஒரே பொருளின் மீது நிறுத்த நான் துணிய மாட்டேன்.

நிரல்வழி (கேள்வி கேட்டவர்)

விரிவான பதில்களுக்கு மிக்க நன்றி. கணினியை விடும் எண்ணத்தை விட்டுவிட்டேன். மேசைக் கணினியை விற்று ஒரு மடிக்கணினி வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. இனி என் கேள்வி இரண்டாவது திரையைப் பற்றியது மட்டும். மடிக்கணினியிலிருந்து ஹெட்செட்டுக்குப் படத்தை வைஃபை வழியே அனுப்பினால் எழுத்து மேலும் மங்குமா? கேபிளில் இணைத்தால் வேறுபாடு இருக்குமா? எக்ஸ்ரியல் போன்ற, பார்ப்பதற்குக் குளிர்கண்ணாடி போலவே இருக்கும் திரைக் கண்ணாடிகளைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். எழுத்து வேலைக்கு அவை ஹெட்செட்டைவிட மேலா?

பதில் 5: ஒளிமுகம்

வைஃபையில் மங்கும், ஆனால் எல்லா எழுத்தும் ஒரே அளவுக்கு மங்காது. மடிக்கணினி தன் திரையில் உள்ள படத்தை எச்.264, ஏவி1 போன்ற முறைகளில் வீடியோவாகச் சுருக்கி அனுப்புகிறது. இவ்வாறு சுருக்கும்போது வெளிச்சத்தின் விவரம் முழுமையாகவும், நிறத்தின் விவரம் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகவும் அனுப்பப்படுவது வழக்கம். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துக்கு இதனால் கேடில்லை. கரும் பின்னணியில் சிவப்பும் நீலமும் ஊதாவுமாக நிரலை வண்ணமிட்டுப் பார்ப்பவர்களுக்குத்தான் எழுத்தின் ஓரங்கள் கசிந்தாற்போலத் தெரியும். எனவே ஒளிர்ந்த பின்னணியில், நிறங்கள் குறைந்த வண்ண அமைப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். வைஃபையின் வேகத்தைக் கூட்டுவதைவிட இது அதிகம் பயன் தரும். ரவுட்டரை மடிக்கணினியோடு கேபிளில் இணைத்து, ஹெட்செட்டை மட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் விட்டால், சுட்டி நகரும்போது தோன்றும் தாமதமும் குறையும். குவெஸ்ட் வகையில் யூஎஸ்பி கேபிளைச் செருகினாலும் படம் சுருக்கப்பட்டுத்தான் போகிறது. அதற்கு நேரடித் திரை உள்ளீடு கிடையாது. கேபிளால் இணைப்பு நிலைப்படும், மின்னேற்றமும் நடக்கும், அவ்வளவே.

திரைக் கண்ணாடிகள் இந்த இடத்தில் வேறுபடுகின்றன. அவை யூஎஸ்பி-சி வழியே சாதாரண மானிட்டரைப் போலவே சுருக்கப்படாத படத்தைப் பெறுகின்றன. எக்ஸ்ரியல் ஏர் 2-இன் எடை 72 கிராம். 1920×1080 பிக்சல்களை மூலைவிட்டத்தில் 46 பாகை கொண்ட சிறு சட்டத்துக்குள் அடக்குவதால் பாகைக்கு 48 பிக்சல்கள் வரை கிடைக்கின்றன. அதாவது உங்கள் தற்போதைய திரையைவிடவும் சற்றே நெருக்கமானது. எழுத்தின் தெளிவையும் எடையையும் மட்டும் பார்த்தால் உங்கள் தேவைக்கு ஹெட்செட்டைவிட இதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

குறைகளும் உண்டு. காட்சியின் ஓரங்கள், குறிப்பாகக் கீழ் மூலைகள், பலருக்கும் மங்கலாகத் தெரிகின்றன. உங்கள் எடிட்டரின் நிலைப்பட்டையும் கணினியின் கடிகாரமும் சரியாக அங்கேதான் இருக்கும். வெளிச்சமான அறையில் சட்டை அல்லது மேசையின் பிரதிபலிப்பு லென்ஸின் அடிப்பகுதியில் விழுந்து எழுத்தின் மேல் படியும். அடிப்படை வகைகளில் திரை தலையோடு ஒட்டிக்கொண்டு நகரும். அது எழுத்து வேலைக்குத் தாங்க முடியாதது. திரையை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் சில்லு கண்ணாடிக்குள்ளேயே உள்ள எக்ஸ்ரியல் ஒன் போன்ற வகைகளில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அப்படி நிறுத்திய பிறகு தலையைச் சற்றுத் திருப்பினாலே காட்சிச் சட்டத்துக்கு வெளியே போகும் பகுதி வெட்டுப்பட்டுவிடும். சுற்றிலும் பல திரைகள் என்ற ஆசையை இதில் மறந்துவிட வேண்டும்.

எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் காலம் உள்ள விற்பனையாளரிடமே வாங்குங்கள். கடையில் ஐந்து நிமிடம் அணிந்து பார்ப்பது இதில் எதையும் காட்டிக்கொடுக்காது. நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எழுத்து அளவில், உங்கள் சொந்த நிரலையும் ஓர் ஆவணத்தையும் திறந்து, ஒரு முழு வேலை நாளின் பிற்பகலில் சோதியுங்கள். காலையில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும் வரை பழைய திரைகளில் ஒன்றையாவது விற்காமல் வைத்திருங்கள்.